தொரைக்குக் கட்டிய தொட்டி

உங்களில் யாராவது அந்தக் காலத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் போகிற ரோட்டில் சைக்கிள் மிதித்திருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெள்ளைப் பன்றி முன்னால் போகும். அதன் பின்னங்காலில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண். அது நான்தான். நீங்கள் மூக்கைப் பிடித்திருக்கலாம், மணி அடித்திருக்கலாம். சிலர் கல்லும் எறிந்தீர்கள். அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. முட்டி வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் எனக்குக் கால் சும்மா இருப்பதில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். இந்த நடை எங்கே தொடங்கியது என்று யோசித்தால் அந்தப் பன்றியில் போய் நிற்கிறது. நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூரில் பவர் ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்த சமயம். கும்மிடிப்பூண்டியில் இன்று கம்பி உருக்கும் கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது வேலிகாத்தான் மண்டிய மேடு. ரயில்வே லைனுக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளி ஆறு குடிசைகள். கடைசிக் குடிசை எங்களுடையது. நைனா, அம்மா, நான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கிட்டத்தில்தானே இருந்தது.

பன்றிதான் பிழைப்பு. நாலு பெட்டைகள், அவற்றின் குட்டிகள். எல்லாம் கறுப்பு. காலையில் திறந்துவிட்டால் ஊரைச் சுற்றித் தின்றுவிட்டு, சாயங்காலம் அம்மா தகர டப்பாவைத் தட்டும் சத்தத்துக்கு வந்து சேரும். தீவனச் செலவு இல்லை. கறியும் இல்லை. ஒன்றரை வருஷம் வளர்த்தாலும் எலும்பும் கொழுப்பும்தான். சனிக்கிழமைகளில் கறிக்கடைக்காரர் வருவார். பன்றியின் முதுகைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்.

"இதுல கறி எங்கடா கீது? தோல உரிச்சா பன்னியே காணாம பூடும் போல," என்பார். நைனா சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

அப்போதுதான் பண்ணைக்காரர் வந்தார். எங்கேயோ தெற்கே சீமைப் பன்றிகள் வளர்க்கும் பண்ணையில் அவருக்கு வேலை. கால்சட்டையில் சேறு படாமல் கல் கல்லாக மிதித்து எங்கள் வாசலுக்கு வந்தவர், நைனாவை "நீங்க" என்று கூப்பிட்டார். அதற்கே நைனா பாதி மயங்கிவிட்டார். வெள்ளைக் கடா ஒன்று தருவதாகச் சொன்னார். அதை நாட்டுப் பெட்டைகளோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் எட்டு மாதத்தில் கறிக்குத் தயாராகிவிடுமாம்.

"கடா உங்ககிட்டயே இருக்கட்டும். சுத்துப்பட்டுல இருக்கிற பெட்டைக்கெல்லாம் சேத்து விடுங்க. ஒரு வருஷம் பாப்போம். சரியா வரலைன்னா திருப்பி எடுத்துக்குவோம்," என்றார். கொட்டகை போட வேண்டும், சிமெண்டில் ஒரு தொட்டி கட்டி அதில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், சாக்கடையில் சேற்றில் விடக் கூடாது, புழு பிடிக்கும் என்றும் சொன்னார். சிமெண்டு மூட்டைகளையும் அவரே அனுப்பிவைத்தார்.

கடாவை ஊர் ஊராக ஓட்டிப் போக ஆள் வேண்டும். அங்கேதான் நான் வருகிறேன். எண்ணூரில் என் சித்தியும் சித்தப்பாவும் பவர் ஹவுஸ் கட்டுமானத்தில் சித்தாள் வேலை, மண் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பச் சொல்லி இரண்டு முறை ஆள் விட்டிருந்தாள் சித்தி. எனக்குப் போக இஷ்டமில்லை. அடுத்தவர் வீட்டில் சுவரோரமாக உட்கார்ந்து குழந்தையை ஆட்டுவதை நினைத்தாலே கால் குறுகுறுக்கும்.

நைனா அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கடாவ ஓட்ட ஒரு ஆளு வேணும். அது கீற வரைக்கும் இவ இங்க கீட்டும். அது போச்சின்னா இவளும் எண்ணூருக்குப் போவட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. என் தலையெழுத்தை ஒரு பன்றியின் பின்னங்காலில் கட்டிவிட்டு நைனா பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

தை மாதத்தில் லாரி வந்தது. பலகையைச் சாய்த்து அவனை இறக்கினார்கள். அப்படி ஒரு பிராணியை நாங்கள் பார்த்ததில்லை. ரோஜா நிறத் தோல், விறைத்து நிற்கும் காது, கண்ணிமை மயிர்கூட வெள்ளை. ஆறு குடிசை ஜனமும் சுற்றி நின்றது.

"இன்னாடி இது, வெள்ளைக்காரத் தொரை மாரி கீது!"

"தொரைக்குக் காலையில நாஷ்டா இன்னா? ரொட்டியா?"

"பக்கத்துல போவாத, இங்கிலீஷ்ல திட்டிரப் போறாரு."

அன்றிலிருந்து அவன் பெயர் தொரை.

தொட்டியை நைனாவும் அம்மாவுமே கட்டினார்கள். முழங்கால் உயரம், ஒரு ஆள் படுக்கிற நீளம். தொரை உள்ளே இறங்கிப் புரள வேண்டும் என்பதற்காகக் கட்டியது. கொத்துவேலை தெரியாத கை, ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆனால் ஒழுகவில்லை.

அதை நிரப்பியவள் அம்மா. எங்களுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஊர்க் கிணற்றில் எல்லோரும் எடுத்து முடிக்கும் வரை தள்ளி நிற்க வேண்டும். பிறகு யாராவது மனசு வைத்து எங்கள் குடத்தில் ஊற்ற வேண்டும். யாரும் இல்லையென்றால் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டியதுதான். அம்மா மூன்று நாள் நடையாய் நடந்து தொட்டியை நிரப்பினாள். நிரம்பியதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் தொட்டியின் மேல் ஓலைப்பாய் மூடியிருந்தது. பாயின் மேல் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"அது பன்னிக்குக் கட்டினதுமே," என்றார் நைனா.

"இதுலயா பன்னிய வுடுவ? நல்லாக் கீது உன் நாயம். எம்மா நாளு குடத்த வெச்சிக்கினு அவளுங்க மூஞ்சியப் பாத்துக்கினு நின்னுருப்பேன். இப்பதான் என் ஊட்ல தண்ணி கீது. எவனாவது இதுல பன்னிய எறக்குங்க, பாக்கறேன்."

அடுத்த மாதம் பண்ணைக்காரர் வந்து, "தொட்டியில தண்ணி இருக்கில்ல?" என்று கேட்டபோது, "ரொம்பி கீது சார்," என்றார் நைனா. பொய்யில்லை. அவர் எட்டிப் பார்த்து, பாய் போட்டு மூடியிருப்பதையும் பாராட்டிவிட்டுப் போனார்.

சுத்தம் என்ற சொல்லை மட்டும் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீரில் தேங்காய் நாரை நனைத்துத் தொரையைத் தேய்ப்பாள். பிறகு உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி முதுகிலும் காதிலும் தடவுவாள். என் தலைக்கு வாரம் ஒருமுறை கிடைத்தாலே பெரிது, அந்த எண்ணெய். "இதப் பாத்து எவ மூக்கப் புடிக்கிறாளோ பாப்போம்," என்பாள். வெயிலில் அவன் பித்தளைக் குடம் மாதிரி மின்னுவான். வாழ்நாள் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனவர்களுக்கு அம்மா சொன்ன பதில் அது. பதில் வெயிலில் வெந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மாசியில் நடை தொடங்கியது. எங்கேயாவது ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் சொல்லி அனுப்புவார்கள். நானும் தொரையும் கிளம்புவோம். எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம், தெற்கே கவரைப்பேட்டை வரைக்கும். பன்றியை ஓட்டுவதில் ஒரு கோளாறு உண்டு. முன்னால் இழுத்தால் பின்னால் போகும். பின்னால் இழுத்தால் முன்னால் பாயும். பின்னங்கால் கயிற்றை எப்போது சுண்ட வேண்டும், எப்போது தளர விட வேண்டும் என்று கைக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனால் சொல்கிறேன், அந்த வாரம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புது வழி.

முதல் நாளே அவன் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். ரயில்வே லைன் கரைக்காக மண் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. தண்ணீர் தேங்கி, சுற்றிலும் கோரை வளர்ந்து கிடக்கும். தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டான். கயிறு கையிலிருந்து நழுவியது. கரையில் சறுக்கி நடுச்சேற்றில் பொத்தென்று விழுந்தான். அப்புறம் அவன் போட்ட சத்தம் இருக்கிறதே, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற ஒரு நீண்ட முனகல், அலுத்துக் களைத்த மனுஷன் பாயில் சாய்ந்ததும் போடுகிற சத்தம். இந்தப் பக்கம் புரண்டான், அந்தப் பக்கம் புரண்டான். எழுந்து வந்தபோது தொரையைக் காணோம். எங்கள் வீட்டுக் கறுப்புப் பன்றிகளில் ஒன்று பெருத்து நிற்பது மாதிரி இருந்தது.

கொஞ்சம் தள்ளி ஓடிய வாய்க்காலில் இறக்கி, அவனைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையாக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறையும் அப்படியே. பிறகு அதுதான் எங்கள் வழக்கம்: போகும்போது பள்ளம், வரும்போது பள்ளம், கடைசியில் வாய்க்கால். சேறு காயக் காய அவன் சுறுசுறுப்பாக நடப்பான். எனக்கு அது போதும்.

கூலி பற்றி நைனா முன்பே பேசியிருந்தார். "டப்பு வேணாம். பால் மறந்ததும் ஒரு குட்டி குடுங்க." எங்களவர்களிடம் பழைய வழக்கம் அது. கடா யாருடையதோ அவருக்கு ஈற்றில் ஒரு பங்குக் குட்டி, அவரே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டை சினையாகிவிட்டதா என்று அறிய இருபத்தொரு நாள் பொறுக்க வேண்டும். இருபத்தோராம் நாள் நான் போய் அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்குவேன். கல் மாதிரி அசையாமல் நின்றால் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது, சினை இல்லை என்று அர்த்தம். கத்திக்கொண்டு ஓடினால் சினை. நிற்கக் கூடாது, ஓட வேண்டும். கையை வைக்கும் முன்னே என் மனசு "ஓடு, ஓடு" என்று அடித்துக்கொள்ளும்.

மாசியிலும் பங்குனியிலும் மூன்று பெட்டைகள் ஓடின. எளாவூரில் ஒரு அக்கா இருந்தாள். தனியாகப் பன்றி வளர்க்கிறவள், வாய்க்கு ஓய்வே கிடையாது. அவளிடம் இரண்டு பெட்டைகள். பெரிய பெட்டை என் கையை உதறிக்கொண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியபோது அக்கா கைதட்டிச் சிரித்தாள்.

"உங்க தொரை பரவால்லடி. எனக்கு வயித்துல உண்டாக என் ஊட்டுக்காரனுக்கு நாலு வருஷம் ஆச்சி."

நான் எளாவூரிலிருந்து வீடு வரை நிற்காமல் ஓடிவந்து சொன்னேன். நைனா உட்கார்ந்து புதுக் கயிறு திரிக்க ஆரம்பித்தார். முனையில் என் கைக்கு உறுத்தாமல் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார்.

சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் வாய்க்கால் வறண்டுவிட்டது. பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் குழம்பு மாதிரி சேறு மிச்சம். மாதர்பாக்கம் போய்த் திரும்பிய அன்று தொரைக்கு வாயில் நுரை தள்ளியது, நடக்கமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். சரி, விடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளத்தில் இறக்கிவிட்டேன். கழுவத் தண்ணீர் இல்லை. கோரைப் புல்லைப் பிடுங்கித் துடைத்தேன், இலையால் துடைத்தேன். போகவில்லை. மெல்ல மெல்ல நேரம் கடத்திக்கொண்டு வீடு சேர்ந்தால் வாசலில் கயிற்றுக் கட்டிலில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "இது யாரோட பன்னி?" என்று கேட்டார்.

நைனாவின் முகம் கறுத்துவிட்டது. "நம்ம… நம்ம தொரைதாங்க சார்."

"என்னய்யா இது? சேத்துல விடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா இப்படி?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்றால் முடிந்திருக்கும். "மொத நாள்லேந்து," என்றேன்.

அவர் போன பிறகு நைனா அந்தப் புதுக் கயிற்றாலேயே அடித்தார். அவர் கை ஓங்கியது எனக்குப் பெரிதாகப் படவில்லை, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வேட்டித் துணி சுற்றிய முனை தன் கையில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மறுமுனையால் அடித்தார். அதைத்தான் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வேறு வழியில் நடந்தோம், தார் ரோட்டு வழி. கத்தரி வெயில். தொரை பள்ளம் இருக்கிற திசையில் மூக்கை நீட்டுவான், நான் கயிற்றைச் சுண்டுவேன். அவன் காதுகளில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவினாள். மூச்சு வாங்கிக்கொண்டு நிழல் கண்ட இடத்தில் விழுவான். ஆனாலும் பெட்டையைக் கண்டால் எழுந்துவிடுவான், ஏறுவான், இறங்குவான். எந்தக் குறையும் தெரியவில்லை.

வைகாசியில் எளாவூர் அக்காவின் சின்னப் பெட்டைக்கு இருபத்தோராம் நாள். கையை ஊன்றினேன். அது காதை விறைத்துக்கொண்டு நின்றது. இன்னும் அமுக்கினேன். நின்றது. நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தே விட்டேன். அசையவில்லை.

"நின்னுக்கினு கீது பாரு, மைல்கல்லு மாரி," என்றாள் அக்கா. "இன்னாடி ஆச்சி உங்க தொரைக்கு? பென்ஷன் வாங்கிக்கினாரா?"

"இன்னொரு வாட்டி ஓட்டியாறேங்க்கா."

இன்னொரு வாட்டியும் நின்றது. ஆரம்பாக்கத்துப் பெட்டை நின்றது. மாதர்பாக்கத்துப் பெட்டை நின்றது. எங்கள் வீட்டுக் காதறுந்த பெட்டையும் நின்றது. என் கை பட்ட பெட்டையெல்லாம் நின்றது. ராத்திரியில் கனவில்கூட அசையாத முதுகுகள் வந்தன. சொல்லி அனுப்புவது குறைந்தது, பிறகு நின்றே போனது. பேஜாரு பிடித்த கடா என்று பேச்சு பரவிவிட்டது.

ஆனி பிறந்ததும் எளாவூர் அக்காவின் பெரிய பெட்டை குட்டி போட்டது. பதினொன்று, பதினொன்றும் வெள்ளை. கறிக்கடைக்காரர் மெனக்கெட்டு வந்து ஒரு குட்டியைத் தூக்கித் தொடையைப் பிடித்துப் பார்த்து, "இதுடா கறி," என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கே வினையாக வந்தது.

"மொதல்ல நல்லாத்தான இருந்தான்? அப்பறம் இன்னா ஆச்சி?" என்றார் நைனா அம்மாவிடம், நான் அங்கேயே நிற்கும்போதே. "தெனம் தெனம் சேத்துல போட்டுக் கெடுத்துட்டா. அந்தப் புழு உள்ள போயி வித்தத் தின்னுடுச்சி."

அம்மாவும் தலையாட்டினாள். நானும் நம்பினேன். கணக்குச் சரியாகத்தானே இருந்தது. தப்புச் செய்தவள் நான், கெட்டுப்போனது தொரை.

அந்த வாரமே என்னை எண்ணூருக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா தலை வாரிவிட்டாள். அன்றைக்கு நிறைய எண்ணெய் வைத்தாள், தொரைக்கு இனி வேண்டியிருக்கவில்லை. கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. அவனைக் கறுப்புப் பன்றிகளோடு சேர்த்து வெளியே விரட்டிவிட்டிருந்தார்கள். பண்ணை லாரி எப்போது வருமோ அப்போது போகட்டும் என்று. ரயில் பள்ளத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். மழை இரண்டு பெய்திருந்தது. சேற்றுக்குள் இரண்டு விறைத்த காதுகள் மட்டும் தெரிந்தன. இனிமேல் அவனை யாரும் கழுவப்போவதில்லை.

இங்கே நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுக்கு மேல், எங்கெங்கோ சுற்றி, கர்நாடகா பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் கூலிக்கு இருந்தேன். அங்கே கடாக்களின் கொட்டகையில் மட்டும் கூரையோரம் ஓட்டைக் குழாய் ஓடும். நாள் முழுக்கத் தூறல். எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் வரிசையில் நின்று வாங்க வேண்டும். ஒருநாள் எரிச்சலில் மாட்டு டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், இதுங்களுக்கு என்ன இவ்வளவு சீராட்டு என்று.

"பன்னிக்கு வேர்க்காதும்மா," என்றார் அந்த அம்மா. "சூடு ஏறிட்டா கடா உள்ளுக்குள்ள காஞ்சிரும். பாக்க நல்லாத்தான் இருக்கும், பெட்டை மேல ஏறும், ஆனா சினை பிடிக்காது. குளிர்ச்சியா வெச்சா ஒன்றரை ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும். நாட்டுப் பன்னி சேத்துல புரண்டு அதுவே பாத்துக்குது. வெள்ளைக்கு நாமதான் பாக்கணும்."

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. திரும்பவும் எண்ணினேன். அடுத்த வாரம் அந்தப் பண்ணையில் நான் இல்லை. ஏன் போனேன் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எண்ணூருக்குத் திரும்புகிறேன். தகரக் கொட்டகை வரிசை. எங்கும் சிமெண்டுத் தூசி, சோற்றிலும் நறநறக்கும். சித்தி கெட்டவள் இல்லை. விடியலில் போய் இருட்டும்போது வருவாள், வந்ததும் சுருண்டுவிடுவாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். குழந்தை தூங்கிய பிறகும் நடப்பேன்.

"ஒரு எடத்துல குந்தேன்டி. பாத்துக்கினு கீற எனக்கே கால் வலிக்குது," என்பாள் சித்தி.

வடக்கே போகும் ரயில் சத்தம் கேட்டால் குழந்தையோடு லைன் ஓரம் ஓடிப்போய் நிற்பேன். அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அப்படியே மழைக்காலம் போனது, பனி போனது, பங்குனி வந்தது. குழந்தை நடக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி வீட்டிலிருந்த நாள். வாசலில் நிழல் விழுந்தது. நைனா. தோளில் கோணிப்பை. முட்டிவரை புழுதி. ஒன்பது மாதத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா மாமா, திடீர்னு? மூட்டையில இன்னா?" என்றாள் சித்தி.

அவர் பையை இறக்கி வாயை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு குட்டி தலையை நீட்டியது.

"ஐயய்ய! இங்க வேணாம் மாமா, மேஸ்திரி பாத்தான்னா கொட்டாயக் காலி பண்ணச் சொல்லுவான்."

"இவ பங்கு," என்றார் நைனா. என்னைப் பார்க்காமல் குட்டியைப் பார்த்துச் சொன்னார். "கடா ஓட்டினவ இவதான."

"எந்தப் பெட்டையோடது?" என்றேன்.

"நம்ம ஊட்டுது. காதறுந்த பெட்டை. ஒம்போது போட்டுச்சி, மார்கழியில. ஒம்போதும் வெள்ளை." கோணிப்பையின் வாயை இன்னும் தளர்த்தினார். "ஆவணியில சேந்துகீது போல."

ஆவணி. நான் வந்தது ஆனியில்.

"தொரை?"

"அந்த ஆவணி கடைசியிலயே லாரி வந்துடுச்சி. செனையாச்சின்னு அப்ப எவனுக்குத் தெரியும்." பீடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "அதுவரைக்கும் பள்ளத்துலயேதான் கெடந்தான், கறுப்புங்களோட. ரெண்டு மாசம். எழுந்து வரவே இல்ல. பள்ளத்துலயே கெடந்தான்."

அப்போதுதான் குட்டியைச் சரியாகப் பார்த்தேன். அது வெள்ளையாக இல்லை. காதிலிருந்து வால் வரை சேறு. தானாகப் புரண்டு ஒட்டிய சேறு அல்ல. முதுகிலும் வயிற்றிலும் ஒரே கனமாக, விரல் பதிந்த தடங்களோடு, சுவருக்குப் பூசுவது மாதிரி கையால் பூசியது. வழியில் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளின் நடுவே ரோஜா நிறத் தோல் தெரிந்தது. நைனாவின் நகக்கண்களில் அதே சேறு.

வெடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"பஸ்ல ஏத்தமாட்டேன்னுட்டான்," என்றார். "நேத்து கெளம்பினேன், நடந்தேதான் வந்தேன். திரும்பவும் நடக்கணும். வர்றியா?"

"கொழந்தைய யாரு பாத்துக்குவா?" என்று சித்தி சத்தம் போட்டாள். நியாயமான கேள்விதான். சித்தி அந்தக் குழந்தையை அடுத்த வாரத்திலிருந்து மணல் குவியலுக்குப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த பாவாடையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கோணிப்பையைத் தூக்கப் போனேன். "வேணாம், பையில வேவும். நீயே ஓட்டு," என்று நைனா மடியிலிருந்து கயிற்றை எடுத்தார். வேட்டித் துணி சுற்றிய அதே கயிறு. துணி சுற்றிய முனையை என் பக்கம் நீட்டினார்.

குட்டியின் பின்னங்காலில் கட்டினேன். அத்திப்பட்டு வரை அது என்னை அலைக்கழித்தது. அதற்குப் பிறகு கைக்கு வந்துவிட்டது. மீஞ்சூருக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு குட்டை. நான் கயிற்றைச் சுண்டி அந்தப் பக்கம் போகாமல் திருப்பினேன், பழைய பயம். நைனா நின்றுவிட்டார். வரப்பில் குந்தி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வுடு," என்றார்.

பொன்னேரி தாண்டி ஒரு ஏரிக்கரை, கவரைப்பேட்டையில் ஒரு வாய்க்கால் மடை. சேறு கண்ட இடத்திலெல்லாம் அவர் முதலில் போய்க் குந்திவிடுவார். குட்டி புரண்டு எழும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். ஒரே நாளில் நடந்து முடிக்கிற தூரம். எங்களுக்கு மறுநாள் உச்சி வெயில் வரை ஆனது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. டம்ளரை முக்கி எனக்குக் கொடுத்தாள், அப்புறம் நைனாவுக்கு. ஜில்லென்று இருந்தது. நாங்கள் குடித்து முடித்ததும் அவள் ஓலைப்பாயை இழுத்து மூடினாள். குட்டி தொட்டியின் சிமெண்டில் மூக்கை உரசிப் பார்த்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ரயில் பள்ளத்துப் பக்கம் ஓட ஆரம்பித்தது. நான் கயிற்றைத் தளர விட்டேன்.